குமிழி வருதா?

அவர் என்னோடு முதன்முதல் கதைத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. பால் போத்தலைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

நான் பெண் பார்க்கப் போன நாள் அது. வட்டக்கச்சியில் வாய்க்கால் கரையோடு வீடு. வீட்டுத்திட்டத்தில் கட்டினது, சுவர் பூசியிருக்கவில்லை. எனக்குப் பேசியிருந்த பெண்ணுக்குத் தாய் தகப்பன் இல்லை. அக்கா ஒருவர்தான். வளர்த்ததும் அவர்தான். அதனால் அவருக்கு என்னைப் பிடிக்க வேண்டும். அவர் முற்றத்தில், நிழல் இருக்க அதை விட்டுவிட்டு, வெயில் விழுகிற இடத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். மடியில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை. என்னோடு வந்த சித்தப்பா தொண்டையைச் செருமினார். அந்த அக்கா நிமிரவில்லை.

"இருங்கோ தம்பி. என்ன வேலை?"

மெசின் ஓடுகிறேன் என்றேன். உழவு, சூடடிப்பு, மண் பறிக்கிறது, எது வந்தாலும்.

"குடிக்கிறனீங்களோ?"

இல்லை என்றேன்.

"நிண்டிட்டுது" என்றார். எனக்கு விளங்கவில்லை. குழந்தையின் உள்ளங்காலை இரண்டு விரலால் தட்டினார். குழந்தை திரும்பச் சப்பத் தொடங்கியது. "ஆ, வருது" என்றார். பிறகுதான் தங்கச்சியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அப்போதும் கண் போத்தலில்தான்.

திரும்பி வரும்போது சித்தப்பா சொன்னார், பெட்டை நல்லது, தமக்கைக்குத்தான் கொஞ்சம் தலைக்கனம் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

குழந்தை போத்தலில் பால் உறிஞ்சும்போது சூப்பிக்குள்ளால் காற்று போகும். அது குமிழியாகப் பாலுக்குள் மேலே வரும். எல்லாரும் கண்டிருப்பார்கள். யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அக்கா பார்த்துக்கொண்டிருப்பார். குமிழி வந்தால் முகம் சாதாரணமாக இருக்கும். நின்றால் காலைத் தட்டுவார். தட்டியும் வராவிட்டால் போத்தலை இழுத்து எடுத்துவிடுவார். பாலை வாயில் வைத்துக்கொண்டு பிள்ளை நித்திரை கொள்ளக் கூடாது. குடித்தால் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் போத்தல் வெளியே.

அவருடைய பெயரை இதில் எழுதவில்லை. அவருக்கு அது பிடிக்காது. மாதர் சங்கத்துக் கூட்டத்தில் பெயர் வாசித்தால்கூட "ஓம்" என்று சொல்ல மாட்டார். கையை மட்டும் தூக்குவார்.

கல்யாணம் முடிந்து நான் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன். எங்களுக்கு மகள் பிறந்தாள். மனைவி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவள். விடிய முதல் அவர்களுடைய பஸ் வரும். ஆகவே சில மாதங்களில் பிள்ளை போத்தலுக்கு மாறினாள். மாறினாள் என்றால், அக்காவின் மடிக்கு மாறினாள்.

போத்தல் வாங்க அக்காவே என்னோடு கிளிநொச்சிக்கு வருவார். சந்தைப் பக்கம் ஒரு முஸ்லிம் நானாவின் கடை. முல்லைத்தீவில் இருந்து இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து கடை போட்டவர். நல்ல பகிடிக்காரர். யானை போட்டது, வண்ணத்துப்பூச்சி போட்டது என்று எடுத்து வைப்பார். அக்கா ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பார்.

"படம் இல்லாதது இல்லையோ?"

"என்ன தங்கச்சி, பிள்ளை படம் பார்க்க வேணாமா?"

"படம் பாக்கவோ பால் குடிக்கிறது?"

நானா சிரித்தார். உங்களுக்கென்று கொழும்பில் சொல்லித்தான் செய்விக்க வேணும் என்றார். படம் இல்லாத போத்தல் அன்றைக்குக் கிடைக்கவில்லை. யானை போட்டதை வாங்கிவந்து, முற்றத்தில் இருந்து பிளேட்டால் யானையைச் சுரண்டினார். யானை போய்விட்டது. தும்பிக்கை மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதை மணல் போட்டுத் தேய்த்தார்.

பின்னேரத்தில் கரண்ட் போகும் காலம் அது. பால்மாவும் இல்லாத காலம். கடைகளில் வரிசை. அக்கா எல்லா வேலையும் செய்வார், பால்மா வரிசையில் மட்டும் நிற்க மாட்டார். "நீங்கள் போங்கோ தம்பி. எனக்கு ஏலாது" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. சண்டையின் கடைசி மாதங்களில் முல்லைத்தீவுக் கரையில் பால்மா வரிசையில் நின்ற சனத்துக்குச் செல்லடியில் என்ன நடந்தது என்று எனக்கும் தெரியும். நான் வேறு பக்கத்தால் வந்தவன். ஆனால் தெரியும்.

கரண்ட் போனால் அக்கா முதலில் செய்வது, பிள்ளையின் வாயில் இருந்து போத்தலை எடுப்பது. பிள்ளை கத்துவாள். கத்தட்டும். ரோச் லைற் ஒன்று எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார். அதை எடுத்துக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி, வெளிச்சம் போத்தலில் விழுகிற மாதிரி வைத்துக்கொண்டு பிறகுதான் திரும்பக் கொடுப்பார். கழுத்து ஒரு பக்கம் சரிந்து இருக்கும். அவருடைய கழுத்து எப்போதும் கொஞ்சம் சரிந்துதான் இருக்கும்.

ஒருநாள் நான் சொன்னேன், அக்கா, குப்பி விளக்கைக் கொளுத்தி வைக்கிறேன், கழுத்து நோகும் என்று.

"விளக்கு மினுங்கும். குமிழி மாதிரிப் பொய் காட்டும்" என்றார்.

கிளினிக்கில் தாதி மிஸ் ஏசுவார். பிள்ளைக்கு ஒரு வயது முடிந்தும் போத்தலோ, பல்லுச் சூத்தையாகும், கோப்பையில் குடிக்கப் பழக்குங்கோ என்று. மனைவி வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பாள். அக்கா ஓம் மிஸ், ஓம் மிஸ் என்பார். வெளியே வந்ததும் சொல்லுவார்: "கோப்பையில குடிச்சா என்ன தெரியும்? ஒண்டும் தெரியாது." இரண்டு வயது தாண்டியும் மகள் போத்தல்தான். ஓடி விளையாடுவாள், சண்டித்தனம் செய்வாள், சோறு தின்பாள். மத்தியானம் நித்திரை வந்தால் போத்தல் வேண்டும். அயலில் நாலு பேர் சிரிக்கத்தான் செய்தார்கள். கலியாணத்துக்கும் போத்தலோடோ போகப்போறாள் என்று ஒருத்தி கேட்டாள். அக்கா அப்போது போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு விஷயம் எங்களுக்கு விளங்காமல் இருந்தது. பிள்ளையின் தொடையில் சில நாட்களில் சின்னச் சிவப்பு அடையாளங்கள் இருக்கும். பிறை மாதிரி. மனைவி நுளம்பு என்றாள். பிறகு என்னோடு கோபித்தாள், வலை வாங்கச் சொல்லி எத்தனை நாள் என்று. வலை வாங்கினேன். அடையாளம் நிற்கவில்லை. மூட்டைப்பூச்சியாக இருக்கும் என்று கட்டிலை வெயிலில் போட்டேன். அக்காவும் வந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்.

டீசல் எண்ணெய் இல்லாத காலத்தில் மெசின் வேலை படுத்துவிட்டது. அப்போதுதான் பார்க்கில் வேலை கிடைத்தது. தென்னந்தோட்டத்துக்குள் ஒருவர் போட்ட பார்க். இராட்டினம், தொங்கு கப்பல், தாரா வாத்து விட்ட குளம், சீமெந்தில் செய்த பெரிய மிருகங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தும் வவுனியாவில் இருந்தும் சனம் வரும். வெளிநாட்டில் இருந்து வந்தவர்களும் வருவார்கள். என் வேலை ரயில் ஓட்டுவது. ரயில் என்றால், உழவு மெசினுக்குத் தகரம் அடித்துப் புகைக்கூண்டு வைத்தது. அதற்கு மட்டும் முதலாளி எப்படியோ எண்ணெய் பிடித்துவிடுவார். பின்னால் பெட்டிகள். தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய், ஒரு சீமெந்துக் குகைக்குள்ளால் வெளியே வரும். குகை வளைவாகக் கட்டினது. நடுவில் போனால் வந்த வாயும் தெரியாது, போற வாயும் தெரியாது. முதலாளிக்கு அதில்தான் பெருமை. உள்ளே போனதும் சனம் கத்தும். கத்தத்தான் காசு கொடுத்து வருகிறார்கள். அவர் எனக்குச் சொல்லியிருந்தார், யார் கத்தினாலும் நிறுத்தாதே, நிறுத்தினால்தான் பயப்படுவார்கள் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு ஓவர்டைம் இருக்கவில்லை. பிள்ளையைக் கூட்டிவா, அக்காவையும் கூட்டிவா என்றேன். வந்தார்கள். அக்கா நல்ல சேலை கட்டியிருந்தார். கையில் பை. பைக்குள் சுடுதண்ணீர்ப் போத்தல், பால்மாப் பேணி, மாற்றுப் போத்தல், இன்னுமொரு மாற்றுப் போத்தல். இடுப்பில் ரோச் இல்லை. பட்டப்பகல். தங்கச்சி, சேலைக்கு வடிவில்லை என்று வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறாள்.

சனத்துக்குள் அவர் எப்படி இருப்பாரோ என்று யோசித்தேன். நன்றாகத்தான் இருந்தார். தொங்கு கப்பலில் பிள்ளைகள் கத்துவதை நின்று பார்த்தார். ஒவ்வொரு தரமும் கப்பல் மேலே போகும்போது கத்துவார்கள். அக்கா சிரித்தார். அவர் பல்லுத் தெரியச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"நல்லாக் கத்துதுகள் என்ன தம்பி?"

ஓம் அக்கா என்றேன்.

"கத்தட்டும்" என்றார்.

ரயிலில் என் முதுகுக்குப் பின்னாலேயே முதல் பெட்டியில் அவரையும் மகளையும் இருத்தினேன். மனைவி வெளியே நின்று போனில் படம் எடுத்தாள். அது மத்தியான நேரம். பிள்ளைக்கு நித்திரைக் குணம் வந்துவிட்டது. போத்தல் கேட்டுக் காலை உதைத்தாள். அக்கா, பொறு குஞ்சு, இறங்கித் தாறன் என்றார். பிள்ளை விடவில்லை. பெட்டிகள் நிறையச் சனம். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பின்பெட்டியில் இருந்த ஒருவர், என்ன டிரைவர், இண்டைக்குப் போறதோ நாளைக்குப் போறதோ என்று கேட்டார். அக்கா போத்தலைக் கொடுத்தார். நான் மெசினை எடுத்தேன்.

வெயிலில் போகும்வரை பயமில்லை. அவர் போத்தலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். தாரா, குளம், சீமெந்து யானை ஒன்றையும் கண்டிருக்க மாட்டார். குகை வந்ததையும் காணவில்லை.

உள்ளே போனதும் வழமைபோலச் சனம் கத்தியது. விசில் அடித்தார்கள். எனக்கு அது காதில் ஏறாது. நடுவளைவுக்கு வரும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"தம்பி, வெளிச்சம். வெளிச்சத்தைப் போடு."

அக்கா என்னிடம் "போடுங்கோ" என்னாமல் "போடு" என்று சொன்னது அந்த ஒருமுறைதான். மற்றச் சத்தத்துக்குள் அந்தச் சத்தம் வேறு. நான் முதலாளி சொன்னதை மறந்தேன். நிறுத்தினேன். திறப்பைத் திருப்பினதும் முன்லைற்றும் நின்றுவிட்டது. அந்த மெசினில் அப்படித்தான். இருந்த கொஞ்ச வெளிச்சமும் போய்விட்டது. சனம் இன்னும் சந்தோசமாகக் கத்தியது. இதுவும் விளையாட்டில் ஒன்று என்று நினைத்தார்கள்.

என்னுடைய கையே எனக்குத் தெரியவில்லை. பின்னால் போத்தல் விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு அடி விழுகிற சத்தம். தோலில் உள்ளங்கை படுகிற சத்தம். பிறகு மகள் வீரிட்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

அந்த அழுகைக்கு மேலால் அக்காவின் குரல் வந்தது. மெதுவாக. கொஞ்சுகிற மாதிரி.

"அழு குஞ்சு. அழு. இன்னும் கத்து. நல்லாக் கத்து."

திறப்பைத் தேடிப் பிடித்து மெசினை எடுத்தேன். வெளியே வந்து வெயிலில் நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தேன். அக்கா பெட்டியின் பலகையில் குந்தியிருந்தார். பிள்ளையைத் தோளில் போட்டிருந்தார். பலகையெல்லாம் பால். பிள்ளை அழ அழ அவர் முகம் தெளிந்துகொண்டு வந்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. கோபமான முகமென்றால் மறந்திருப்பேன்.

பின்பெட்டியில் இருந்து வெயில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இறங்கி வந்தா. பிள்ளையை அடிக்கிறாள், நான் கேட்டுக்கொண்டிருந்தனான், இவளைப் பிடியுங்கோ என்றா. போனைத் தூக்கிப் பிடித்தா. நான் இடையில் போய் நின்றேன். என் பிள்ளை என்றேன். மனைவி ஓடிவந்து பிள்ளையை வாங்கினாள். சட்டையைத் தூக்கித் தொடையைப் பார்த்தாள். உள்ளங்கை அடையாளம் இருந்தது. அதோடு பிறை மாதிரி நகம் பதிந்த அடையாளம். புதுசு, இரத்தம் கசிந்திருந்தது.

அவள் அடையாளத்தைப் பார்த்தாள். அக்காவின் கையைப் பார்த்தாள். நுளம்பு வலையும் வெயிலில் போட்ட கட்டிலும் எனக்கு நினைவு வந்தது.

பஸ்ஸில் அக்கா தனி இருக்கையில் இருந்து போனார். வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் போய்ச் சமைத்தார். சாப்பிடவில்லை.

மனைவி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். வாளியை இறக்கிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். கல்யாணம் கட்டி இவ்வளவு காலத்தில் இதை அவள் சொன்னதில்லை.

அக்காவுக்கு ஒரு மகன் இருந்தான். கைக்குழந்தை. புருஷன் முதலே செல் விழுந்து செத்துப்போனார். சண்டையின் கடைசியில் கடல்நீர்க் களப்புக்குள் இறங்கி ஆமியின் பக்கம் வந்தபோது இவர்கள் இரண்டு பேரும் பிள்ளையும்தான். விடியவில்லை. தண்ணீர் அக்காவின் நெஞ்சளவு. சத்தம் வரக் கூடாது என்று முன்னால் போனவர்கள் சொல்லியிருந்தார்கள். பிள்ளைக்கு முதல் நாளில் இருந்து காய்ச்சல். யாரோ கொடுத்த கடைசிப் பால்மாவை அக்கா கரைத்து வைத்திருந்தார். பிள்ளையைத் தோளோடு தூக்கி, போத்தலை வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். இவள் பின்னால், அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு. பிள்ளை அழவில்லை. அக்கா அடிக்கடி திரும்பி இவளுக்குச் சொன்னாராம், "குடிக்கிறான். குடிச்சுக்கொண்டு வாறான்."

கரையில் ஏறி, வெளிச்சம் வந்தபோது போத்தலைப் பார்த்தார்கள். பால் கரைத்த அளவிலேயே இருந்தது.

எப்போது என்று யாருக்கும் தெரியாது. காய்ச்சலோ, பசியோ, தண்ணீரோ, அதுவும் தெரியாது. அழுதிருந்தால் தெரிந்திருக்கும். இருட்டாக இல்லாவிட்டால் குமிழி தெரிந்திருக்கும். அக்கா சொன்னது இவ்வளவுதானாம். அதற்குப் பிறகு அதைப் பற்றி இரண்டு பேரும் கதைத்ததில்லை.

வாளி நிறைந்து அமிழ்ந்து கிடந்தது. அவள் இழுக்கவில்லை.

"அக்காட்டப் பிள்ளையை விடவும் பயமா இருக்கு. விடாமல் இருக்கவும் பயமா இருக்கு" என்றாள். "பிள்ளையை எடுத்திட்டா அவா இருக்கமாட்டா. எனக்குத் தெரியும்."

நான் கயிற்றை வாங்கி வாளியை இழுத்தேன். நாளைக்கு வேலைக்குப் போ என்றேன்.

விடிய எழும்பும்போது அக்கா படலையடியில் நின்றார். கையில் பை. நாயாற்றில் தகப்பன்வழிக் காணித்துண்டு ஒன்று அவர்களுக்கு இருந்தது. கொட்டில்கூட இல்லாத காணி. அங்கே போகப் போகிறாராம்.

"சனம் பாத்தது தம்பி. பிள்ளையைக் கிள்ளிப்போட்டன். முதலும் கிள்ளினனான். நித்திரை கொண்டா பயம். சும்மா பாத்தாத் தெரியாது. கிள்ளினா அழும். அழுதா நிம்மதி."

அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். கையில் போத்தல் இல்லை.

எனக்குக் கதைக்கத் தெரியாது. குசினிக்குள் போனேன். பால் கரைத்தேன். சூடு பார்த்தேன். வந்து பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, போத்தலைக் கொடுத்தேன். பிள்ளை எழும்பப் போறாள் அக்கா என்றேன்.

அவர் போத்தலை வாங்கவில்லை. இரண்டு கையையும் விரித்து நீட்டினார். "பாருங்கோ" என்றார். பத்து விரலிலும் நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தார். சில இடத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. போவதென்று பை கட்டினவர் நகத்தையும் வெட்டிவிட்டு நின்றிருக்கிறார்.

பிறகு போத்தலை வாங்கினார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "கட்டி கிடக்கு தம்பி. ஒழுங்காக் கரைக்கேல்லை" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

தொழிற்சாலை பஸ் வந்தது. மனைவி பிள்ளையை அக்காவின் மடியில் வைத்துவிட்டு ஏறினாள். யன்னலால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அக்காவுக்குச் சந்தேகம் போல இருக்கும் என்று பிறகு சொன்னாள்.

அதற்குப் பிறகு பிள்ளையின் தொடையில் அடையாளம் வரவில்லை. நான் பார்த்தேன். நெடுநாள் பார்த்தேன். பார்க்கிறேன் என்று அக்காவுக்கும் தெரியும். குளிக்க வார்த்துவிட்டு, துவாயால் துடைத்து, என்னிடம்தான் முதலில் தருவார்.

போத்தலை மகள்தான் விட்டாள். ஒருநாள் தானே கோப்பையைத் தூக்கி மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். போத்தலைக் கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கொண்டுபோனாள். அக்கா தடுக்கவில்லை. ஆனால் மகள் கோப்பையில் குடிக்கும்போது பக்கத்தில் வந்து இருந்து, அவளுடைய தொண்டையில் ஒரு விரலை மெல்ல வைப்பார். விழுங்கும்போது அது ஏறி இறங்கும். மகள், கூசுது பெரியம்மா, எடுங்கோ என்பாள். எடுப்பார். திரும்ப வைப்பார்.

போன மாரிக்கு அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கை மருந்தோடு இருந்துவிட்டார். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்து ஒட்சிசன் மூடி போட்டார்கள். அதில் இருந்து குழாய் போய், கட்டில் தலைமாட்டுச் சுவரில் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலில் பூட்டியிருந்தது. அதற்குள் குமிழி வந்துகொண்டிருந்தது.

படுத்திருந்தவருக்கு அது தெரியாது. தலைக்குப் பின்னால் சுவர். சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது.

"அதென்ன தம்பி?"

காத்து அக்கா, தண்ணிக்குள்ளால வந்து உங்களுக்கு வருது என்றேன்.

யோசித்தார். "போத்தலோ?"

"ஓம் அக்கா. படம் இல்லாத போத்தல்."

கண் சிரித்தது.

அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் மூடிக்குள்ளால் கேட்பார், குமிழி வருதா என்று. வருது அக்கா என்பேன். அப்போதுதான் கண்ணை மூடுவார்.

அன்றைக்கும் பார்வையாளர் நேரம். சின்னப் பிள்ளையை வார்ட்டுக்குள் விடமாட்டார்கள். மகளை வாசலடியில் வைத்திருந்தேன். மனைவி அவளுக்குச் சாப்பாடு கொடுக்க இறங்கிப் போனாள். நான் மேலே வந்து வாங்கில் இருந்தேன். பக்கத்துக் கட்டில்களில் சனம், கதை, சோற்றுப் பார்சல் வாசம். அக்கா கேட்டார்.

"குமிழி வருதா?"

"வருது அக்கா."

கண்ணை மூடினார். நான் போத்தலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஒருவர் ஊர் எது என்று கேட்டார். திரும்பாமல் வட்டக்கச்சி என்றேன். குமிழி ஒன்றின் பின் ஒன்றாக வந்தது. ஒருக்காலும் நிற்கவில்லை. எனக்கு நல்ல நிம்மதியாக இருந்தது.

தாதி வந்தா. அவா போத்தலைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தா. கழுத்தில் விரலை வைத்தா. வைத்துக்கொண்டே நின்றா. பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ ஐயா என்றா.

நான் தள்ளவில்லை. போர்வையைத் தூக்கி அக்காவின் உள்ளங்காலை இரண்டு விரலால் தட்டினேன். திரும்பத் தட்டினேன். பிறகு கிள்ளினேன். மெசின் பிடித்துக் காய்த்த கை. நன்றாக அழுத்திக் கிள்ளினேன்.

அப்போதும் குமிழி வந்துகொண்டுதான் இருந்தது. டொக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, தாதி சுவரில் இருந்த காற்றுத் திருகைப் பூட்டினா. அதற்குப் பிறகுதான் நின்றது.